பொலிவுறு நகரங்களின் பொருளாதாரப் போட்டித்திறனை அளவிடல்: வியன்னா முதல் திருப்பூர் வரை (2007–2021)

ஆய்வுச் சுருக்கம்

நகரங்களை வரிசைப்படுத்தும் குறியீடுகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியுள்ளன. அவற்றுள் ‘பொலிவுறு நகரம்’ என்னும் கருத்தாக்கத்தை ஒட்டி எழுந்தவை, ஒரு நகரின் பொருளாதாரப் போட்டித்திறனையும் எண்ணால் சுட்ட முயல்கின்றன. 2007-இல் ஐரோப்பாவில் வெளியான தரவரிசையிலிருந்து 2021-இல் இந்தியாவில் வெளியான வாழ்வெளிமைக் குறியீடு வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. உள்ளாட்சி அமைப்பின் நிதிநிலை, நகரின் பொருளாதாரம், அப்பொருளாதாரத்தின் சுமையை ஏற்கும் சுற்றுப்பகுதி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. அளவீடுகள் முதலிரண்டைப் பிரித்தறியவே நீண்ட காலம் பிடித்தது. மூன்றாவதை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். திருப்பூர் பின்னலாடைத் தொழிலின் வரலாறு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: பொலிவுறு நகரம், போட்டித்திறன், குறியீட்டெண், நகர எல்லை, வாழ்வெளிமை, திருப்பூர், நொய்யல்.

முன்னுரை

‘ஸ்மார்ட் சிட்டி’ என்னும் தொடரைத் தமிழில் ‘பொலிவுறு நகரம்’ என்றும் ‘சீர்மிகு நகரம்’ என்றும் வழங்குகின்றனர். பொலிவு தோற்றத்தையும் சீர் ஒழுங்கையும் குறிக்கும். இவ்விரு சொற்களிலும் பிற நகரங்களோடு போட்டியிடுதல் என்னும் பொருள் இல்லை. ஆனால் இக்கருத்தாக்கம் அளவீட்டுக்கு வந்தபோது, போட்டியே அதன் அடிப்படையாக அமைந்தது. எந்த நகரம் முதலீட்டை ஈர்க்கும், எந்த நகரம் திறன்மிக்க உழைப்பாளரைத் தக்கவைக்கும், எந்த நகரம் பின்தங்கும் என்ற வினாக்களுக்கு விடையாகவே குறியீடுகள் உருவாக்கப்பட்டன.

குறியீட்டெண் வெறும் தகவல் அன்று. நிதி ஒதுக்கீடு, முதலீட்டாளரின் தெரிவு, ஆட்சியாளரின் பெருமிதம் ஆகியன அதனைச் சார்ந்து அமைகின்றன. எனவே, எதை எண்ணினர், எதை எண்ணாமல் விட்டனர் என்று கேட்பது வரலாற்று ஆய்வின் கடமையாகிறது.

போட்டித்திறன் என்னும் கருத்தின் தோற்றம்

போட்டித்திறன் முதலில் நிறுவனங்களுக்கு உரிய சொல்லாக இருந்தது. ஒரே சந்தையில் ஒரே வகைப் பொருளை விற்கும் இரு நிறுவனங்களுள் ஒன்று தரத்தாலோ விலையாலோ மற்றதை வெல்லும், தோற்றது மூடப்படும். இச்சொல்லை நாடுகளுக்கு விரித்துப் பொருளுரைத்தவர்களுள் முதன்மையானவர் மைக்கேல் போர்ட்டர். 1990-இல் வெளியான தம் நூலில், ஒரு நாட்டின் தொழில் மேன்மை தனித்தனி ஆலைகளில் இல்லை என்றும், உள்ளூர்த் தேவை, உற்பத்திக் காரணிகள், துணைத்தொழில்கள், நிறுவனங்களுக்கிடையிலான போட்டி ஆகியவற்றின் இணைப்பில் உள்ளது என்றும் அவர் விளக்கினார். ஒரு தொழிலைச் சார்ந்த பல நிறுவனங்கள் ஓரிடத்தில் திரண்டிருக்கும் ‘தொழில் திரள்’ என்னும் கருத்து இதன்வழிப் பரவியது.

இதற்கு எதிர்வாதம் விரைவிலேயே எழுந்தது. 1994-இல் பால் குருக்மன், நாடுகளின் போட்டித்திறன் பற்றிய பேச்சை ஆபத்தான மயக்கம் எனக் கண்டித்தார். நிறுவனம் போல ஒரு நாடு கடையைக் கட்டிவிட்டுப் போக இயலாது. வாணிகத்தில் ஒருவரது ஆதாயம் மற்றவரது இழப்பாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. போட்டித்திறன் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் உற்பத்தித்திறனுக்கு மறுபெயரே என்பது அவரது வாதம்.

நகரங்களுக்கு இவ்வாதத்தைப் பொருத்தினால் ஒரு சிக்கல் தெளிவாகிறது. ஆலைகளும் மூலதனமும் ஒரு நகரை விட்டு வேறொரு நகருக்குப் பெயரலாம். ஆகவே நகரங்களுக்கிடையே போட்டி உண்டு என்பது உண்மை. ஆனால் நகரின் நிலமும் நீரும் குடிகளில் பெரும்பாலோரும் அவ்வாறு பெயர இயலாது. ஆலை ஈட்டியது ஒருபுறமும் அது விட்டுச்சென்றது மறுபுறமும் நிற்கும். நகரின் போட்டித்திறனை அளவிடுவோர் இவ்விரு புறங்களையும் காண வேண்டியவராகின்றனர்.

ஐரோப்பியத் தரவரிசை: ஆறு பண்புகள்

பொலிவுறு நகரங்களுக்கான முன்னோடி அளவீடுகளுள் ஒன்று 2007-இல் வெளிவந்தது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ருடால்ஃப் கிஃபிங்கர் தலைமையில், லியூப்லியானா, டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் இணைந்து அதனை உருவாக்கினர். தலைநகரங்களும் பெருநகரங்களுமே ஆய்வுகளில் இடம்பெறுகின்றன என்பதால், நடுத்தர அளவிலான 70 ஐரோப்பிய நகரங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை மக்கள்தொகையும் குறைந்தது ஒரு பல்கலைக்கழகமும் கொண்டிருத்தல் தெரிவுக்கான வரையறைகளுள் அடங்கும்.

பொருளாதாரம், மக்கள், ஆளுகை, போக்குவரத்து, சுற்றுச்சூழல், வாழ்க்கை என ஆறு பண்புகளும், அவற்றின்கீழ் 31 காரணிகளும் 74 சுட்டிகளும் வகுக்கப்பட்டன. வெவ்வேறு அலகுகளில் உள்ள சுட்டிகளைச் சராசரியிலிருந்து விலகும் அளவைக்கொண்டு பொதுவான அளவுக்கு மாற்றிக் கூட்டினர். லக்சம்பர்க் முதலிடமும் டென்மார்க்கின் ஆர்ஹஸ் இரண்டாமிடமும் பெற்றன.

பொருளாதாரப் பண்பின்கீழ்ப் புத்தாக்க உணர்வு, தொழில்முனைவு, பொருளாதார நற்பெயர், உற்பத்தித்திறன், உழைப்புச் சந்தையின் நெகிழ்வு, பன்னாட்டு இணைப்பு ஆகியன இடம்பெற்றன. இவற்றுள் ‘உழைப்புச் சந்தையின் நெகிழ்வு’ கருதத்தக்கது. வேலையின்மைக் காப்பும் ஓய்வூதியமும் உள்ள சமூகத்தில் பகுதிநேர வேலையின் பெருக்கம் உழைப்பாளரின் விருப்பத்தெரிவைக் காட்டக்கூடும். அத்தகைய காப்பு இல்லாத சமூகத்தில் அதே எண் நிலையின்மையைக் காட்டும். சுட்டி ஒன்றே, அது குறிக்கும் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது.

இத்தரவரிசையை உருவாக்கியோர் அதன் குறைகளை அறியாதவர்கள் அல்லர். 2010-இல் கிஃபிங்கர் தம் உடனாய்வாளருடன் எழுதிய கட்டுரையில், பொதுவெளி தரவரிசையின் முதலிடத்தையும் கடைசியிடத்தையும் மட்டுமே கண்டு, அதன் முறைமையைக் கவனியாது விடுகிறது என்னும் கவலையைப் பதிவுசெய்தார். பன்னாட்டுத் தர அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 37120 வேறு வழியை மேற்கொண்டது. நகரச் சேவைகளுக்கும் வாழ்க்கைத் தரத்துக்குமாக 100 சுட்டிகளை வரையறுத்த அது, நகரங்களை வரிசைப்படுத்தவில்லை. பொருளாதாரம் என்ற தலைப்பில் வேலையின்மை விகிதத்தையும் வறுமையில் வாழ்வோரின் பங்கையும் முதன்மைச் சுட்டிகளாக வைத்தது. ஐரோப்பியத் தரவரிசையில் முன்னின்ற நற்பெயரும் புத்தாக்கமும் இங்குப் பின்னுக்குச் சென்றன.

இந்தியாவில் முதற்கட்டம்: அறைகூவல் போட்டி (2015–2018)

இந்திய அரசின் பொலிவுறு நகரங்கள் இயக்கம் 2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்டது. பொலிவுறு நகரம் என்பதற்கு அனைவரும் ஏற்கும் வரையறை இல்லை என அதன் வழிகாட்டு நெறிமுறைகளே ஒப்புக்கொண்டன. வரையறை இல்லாத ஒன்றுக்கு 100 நகரங்களைத் தேர்ந்தெடுக்க, நகரங்களுக்கிடையே அறைகூவல் போட்டி நடத்தப்பட்டது. தேர்வாகும் நகரம் ஒன்றுக்கு ஐந்தாண்டுகளில் ஒன்றிய அரசு சராசரியாக ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் வழங்கும். அதற்கு ஈடான தொகையை மாநில அரசும் உள்ளாட்சியும் திரட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

போட்டியின் முதல் நிலை மாநிலங்களுக்குள் நடைபெற்றது. நடப்பிலுள்ள சேவைகளின் தரத்துக்கு 25, நிறுவன அமைப்புக்கு 15, தன்னிதி திரட்டும் ஆற்றலுக்கு 30, கடந்தகாலச் செயல்பாட்டுக்கும் சீர்திருத்தங்களுக்கும் 30 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன. ஊழியர்களுக்கு உரிய காலத்தில் ஊதியம் வழங்கப்பட்டதா, கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டனவா, வரியும் கட்டணமும் வருவாயில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பன போன்ற வினாக்கள் கேட்கப்பட்டன. இரண்டாம் நிலையில் நகரம் பற்றிய அளவுகோல்களுக்கு 30 விழுக்காடும் முன்வைக்கப்பட்ட திட்ட அறிக்கைக்கு 70 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன.

இவ்வினாக்கள் தேவையற்றவை அல்ல. ஆயினும் அவை அளந்தது உள்ளாட்சி அமைப்பின் பணப்பையையும் திட்டம் வகுக்கும் ஆற்றலையுமே. நகரில் எத்தனை பேருக்கு வேலை உள்ளது, நகரம் எதை உற்பத்தி செய்து எங்கு விற்கிறது, அத்தொழில் நிலைத்து நிற்குமா என்பன முதல் நிலை மதிப்பெண்ணில் இடம்பெறவில்லை. மாநகராட்சியின் நிதிநிலை நகரின் பொருளாதார வலிமைக்குப் பதிலியாக நின்றது.

2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல் 20 நகரங்களின் பட்டியலில் புவனேசுவரம் முதலிடம் பெற்றது. அப்பட்டியலில் கோயம்புத்தூர் 13-ஆம் இடத்திலும் சென்னை 18-ஆம் இடத்திலும் இருந்தன. இவ்வரிசை திட்ட அறிக்கைகளின் வரிசை; நகரப் பொருளாதாரங்களின் வரிசை அன்று. பின்வந்த சுற்றுகளில் மதுரை, சேலம், தஞ்சாவூர், வேலூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, தூத்துக்குடி, திருப்பூர், ஈரோடு ஆகியன சேர, தமிழ்நாட்டின் பொலிவுறு நகரங்கள் 11 ஆயின.

இரண்டாம் கட்டம்: வாழ்வெளிமைக் குறியீடு (2018, 2021)

2018 ஆகஸ்டில் வெளியான வாழ்வெளிமைக் குறியீடு 111 நகரங்களை 15 வகைமைகளிலும் 78 சுட்டிகளிலும் மதிப்பிட்டது. நிறுவனத் தூணுக்கு 25, சமூகத் தூணுக்கு 25, பருப்பொருள் தூணுக்கு 45, பொருளாதாரத் தூணுக்கு 5 என எடைகள் அமைந்தன. நூற்றுக்கு ஐந்து மதிப்பெண் என்பது, பொருளாதாரம் முழுவதும் சரிந்தாலும் நகரின் இடம் பெரிதும் மாறாது என்று கூறுவதற்கு ஒப்பாகும். புனே முதலிடம் பெற்றது. திருச்சிராப்பள்ளி 12-ஆம் இடமும் சென்னை 14-ஆம் இடமும் பெற்றன. தகவல் தொழில்நுட்ப ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற பெங்களூரு 58-ஆம் இடத்தில் நின்றது.

2021 மார்ச் 4 அன்று வெளியான 2020-ஆம் ஆண்டுக் குறியீட்டில் அமைப்பே மாற்றப்பட்டது. வாழ்க்கைத் தரத்துக்கு 35, பொருளாதார ஆற்றலுக்கு 15, நிலைபேற்றுக்கு 20 விழுக்காடு என எடைகள் வகுக்கப்பட்டன. எஞ்சிய 30 விழுக்காடு குடிமக்களின் கருத்துக் கணிப்புக்கு அளிக்கப்பட்டது. சுட்டிகள் 49 ஆகக் குறைந்தன. பொருளாதார ஆற்றல், ‘பொருளாதார வளர்ச்சி நிலை’, ‘பொருளாதார வாய்ப்புகள்’ என இரு வகைமைகளாகப் பிரிக்கப்பட்டது. போர்ட்டரின் தொழில் திரள் கருத்தும் சுட்டிகளில் இடம்பெற்றது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்கள் தனியே வரிசைப்படுத்தப்பட்டன. அவ்வரிசையில் பெங்களூரு முதலிடமும் சென்னை நான்காமிடமும் கோயம்புத்தூர் ஏழாமிடமும் பெற்றன.

இரு குறியீடுகளும் வெளியான இடைவெளி மூன்றாண்டுகளுக்கும் குறைவு. அக்காலத்தில் பெங்களூருவின் சாலைகளோ குடிநீரோ ஏற்றுமதியோ 58-ஆம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு உயரும் அளவுக்கு மாறிவிடவில்லை. மாறியவை எடைகளும் சுட்டிகளும் வகைப்பாடும்தாம். இவ்விரு குறியீடுகளையும் அருகருகே வைத்து ஒரு நகரம் முன்னேறியது என்றோ பின்தங்கியது என்றோ கூறுவது பிழையாகும். அளவுகோலே மாறும்போது அளவுகளை ஒப்பிட இயலாது.

எனினும் 2021-இல் ஒரு முன்னேற்றம் நிகழ்ந்தது. வாழ்வெளிமைக் குறியீட்டோடு நகராட்சிச் செயல்திறன் குறியீடு தனியே வெளியிடப்பட்டது. சேவைகள், நிதி, கொள்கை, தொழில்நுட்பம், ஆளுகை ஆகியன அதன்கண் மதிப்பிடப்பட்டன. 2015-இல் ஒன்றாகக் கலந்திருந்த உள்ளாட்சியின் திறனும் நகரின் நிலையும் இவ்வாறு பிரிக்கப்பட்டன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்டவற்றுள் செயல்திறனில் இந்தூரும் வாழ்வெளிமையில் பெங்களூருவும் முதலிடம் பெற்றமை இவ்வேறுபாட்டை உறுதிசெய்கிறது.

திருப்பூர்: அளவீட்டுக்கு ஓர் உரைகல்

மேற்கூறிய அளவீடுகள் எவற்றை விட்டுவிட்டன என்பதைத் திருப்பூரின் வரலாறு தெளிவாக்குகிறது. பின்னலாடை ஏற்றுமதியில் நாட்டின் முதன்மை மையமாகிய இந்நகரம் 2008-இல் மாநகராட்சி ஆனது. 2009-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2017 ஜூனில் பொலிவுறு நகரங்களின் பட்டியலில் சேர்ந்தது.

முதற்சிக்கல் எல்லை பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோர் 4,44,352 பேர். சுற்றியிருந்த நகராட்சிகளும் ஊராட்சிகளும் இணைக்கப்பட்ட பின் விரிந்த எல்லைக்கு அதே கணக்கெடுப்பு தரும் தொகை 8,77,778. நகர்ப்புறத் தொகுதி முழுவதற்கும் 9,63,173. ஒரே ஆண்டில், ஒரே ஊருக்கு மூன்று தொகைகள். ஏற்றுமதி மதிப்பை முதல் தொகையால் வகுத்தால் வரும் தலைவீத அளவு, மூன்றாம் தொகையால் வகுத்தால் வருவதைப் போல இரு மடங்குக்கும் மேலாகும். எல்லையை எங்கு வரைவது என்பது ஆட்சித்துறை முடிவு. அம்முடிவே போட்டித்திறனின் எண்ணையும் தீர்மானித்துவிடுகிறது.

இரண்டாம் சிக்கல் உழைப்பு பற்றியது. நூலைத் துணியாகப் பின்னுதல், சாயமிடல், காம்பாக்டிங், வெட்டுதல், தைத்தல், சோதித்துச் சிப்பமிடல் என ஓர் ஆடை பல கூடங்களைக் கடந்தே உருவாகிறது. ஏற்றுமதி நிறுவனம் பெற்ற ஆர்டர், ஜாப் ஒர்க் முறையில் சிறு கூடங்களுக்கும் பவர்டேபிள் தையற்கூடங்களுக்கும் பிரிந்து செல்கிறது. பீஸ் ரேட்டில் கூலி பெறுவோர் பலர். பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கியோர் பலர். ஏற்றுமதி மதிப்பு ஆவணத்தில் முழுமையாகப் பதிவாகும் அளவுக்கு, அதனை உருவாக்கிய உழைப்பு பதிவாவதில்லை. பதிவாகாத உழைப்பு வகுக்கும் எண்ணிலிருந்து விடுபடுவதால், ஒருவர்க்கான உற்பத்தித்திறன் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். வியன்னா அளவீட்டில் நற்பண்பாக எண்ணப்பட்ட நெகிழ்வு, இங்கு ஆர்டர் குறையும் காலத்தில் வேலையின்றி நிற்பதைக் குறிக்கும்.

மூன்றாம் சிக்கல் நீர் பற்றியது. சாயத்தொழிலுக்கு மிகுந்த நீர் வேண்டும். நிலத்தடி நீர் போதாமையால், 1995-இல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் உருவாக்கப்பட்டது. மாநில அரசும் தனியார் முதலீடும் இணைந்த அவ்வமைப்பு, பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் நீரைக் கொணரும் திட்டத்தைச் செயற்படுத்தியது. ஆலைகள் செலுத்தும் உயர்ந்த கட்டணம் வீடுகளுக்கான குறைந்த கட்டணத்தைத் தாங்கும் வகையில் அத்திட்டம் வகுக்கப்பட்டது. ‘பொலிவுறு நகரம்’ என்னும் சொல் இந்தியாவில் வழங்குவதற்கு முன்பே, நகரின் போட்டித்திறனுக்காகக் கட்டப்பட்ட உட்கட்டமைப்பு இது.

உள்ளே வந்த நீர் சாயக்கழிவாக நொய்யலில் வெளியேறியது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்ற ஆணைகள் நடைமுறைக்கு வராத நிலையில், 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பின்னர், கழிவுநீரைச் சுத்திகரித்து மீளப் பயன்படுத்தி, வெளியேற்றத்தை முற்றிலும் தவிர்க்கும் முறையை ஏற்றே அவை இயங்கத் தொடங்கின. நீர் மறுசுழற்சிக்கு வந்ததும் ஆலைகள் புதிதாக வாங்கும் நீரின் அளவு குறைந்தது. அக்கட்டணத்தை நம்பிய குடிநீர்த் திட்டத்தின் வருவாய்க் கணக்கும் தடுமாறியது.

இவ்வரலாற்றை அளவீட்டு நோக்கில் வைத்துப் பார்த்தல் தகும். 2010-ஆம் ஆண்டில் திருப்பூரின் போட்டித்திறனை ஒருவர் அளந்திருந்தால், ஏற்றுமதியும் தொழில் திரளின் அடர்த்தியும் உயர்ந்த மதிப்பெண்ணைத் தந்திருக்கும். சில திங்களில் அத்தொழிலின் நடுக்கண்ணி அறுந்தது. அவ்வெண் பொய்யன்று, அது பாதிக் கணக்கு. சாயமிடலின் செலவில் ஒரு பகுதியை நொய்யலின் கீழ்ப்பகுதி உழவர் செலுத்திவந்தனர். அப்பகுதி மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தமையால் எந்த நகரக் குறியீட்டிலும் இடம்பெறாது. சுத்திகரிப்புச் செலவு ஆடையின் விலையில் சேர்ந்த பின்னர், அதே குறியீடு நகரின் போட்டித்திறன் குறைந்ததாகக் காட்டக்கூடும். உண்மையில் நடந்தது, அதுவரை வெளியே தள்ளப்பட்ட செலவு உரியவரிடம் திரும்பியமையே.

மேலும், ஐரோப்பிய ஒன்றியம் வங்கதேசத்து ஆடைகளுக்குச் சுங்கவரி விலக்கு அளித்தமை, நூல் விலையின் ஏற்ற இறக்கம், நாணய மாற்று மதிப்பு ஆகியனவும் திருப்பூரின் ஏற்றுமதியைத் தீர்மானிக்கின்றன. இவை எவையும் மாநகராட்சியின் அதிகாரத்துள் அடங்குவன அல்ல. பொலிவுறு நகரத் திட்டத்தில் பேருந்து நிலையமும் சந்தையும் மேம்பட்டமை பயனுடையதே. ஆயின் ஏற்றுமதியின் ஏற்றத்தை அத்திட்டத்தின் வெற்றியாகவோ இறக்கத்தை அதன் தோல்வியாகவோ கொள்ள இடமில்லை.

முடிவுரை

2007 முதல் 2021 வரையிலான அளவீட்டு வரலாற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. இந்திய அளவீடு மூன்று படிகளைக் கடந்துள்ளது. 2015-இல் உள்ளாட்சியின் நிதித்திறன் நகரப் பொருளாதாரத்துக்குப் பதிலியாக நின்றது. 2018-இல் பொருளாதாரம் நூற்றுக்கு ஐந்து மதிப்பெண்ணுடன் நுழைந்தது. 2021-இல் அது 15 விழுக்காடாக உயர்ந்ததோடு, உள்ளாட்சியின் செயல்திறனும் தனியே அளக்கப்பட்டது.

2. அளவுகோலின் அமைப்பு மாறும்போது நகரின் இடமும் மாறுகிறது. பெங்களூருவின் இருவேறு இடங்கள் இதற்குச் சான்று. எடைகளை மாற்றும்போது பழைய முறையிலும் கணக்கிட்டு இரண்டையும் சேர்த்து வெளியிடுவதே காலவரிசை ஒப்பீட்டுக்கு வழி.

3. நகரின் பொருளாதார எல்லை ஆட்சி எல்லையோடு பொருந்துவதில்லை. தொழிலாளர் நாள்தோறும் வந்துபோகும் பரப்பும், நீர் எடுக்கப்படும் ஆறும், கழிவு சேரும் ஆறும் நகரின் கணக்கில் சேர வேண்டியவை.

4. பிறர்மேல் ஏற்றப்பட்ட செலவைக் கழிக்காத போட்டித்திறன் எண், நகரின் வலிமையை மிகைப்படுத்துவதோடு வரவிருக்கும் முறிவையும் மறைக்கிறது. இது சுற்றுச்சூழல் தூணில் தனியே மதிப்பெண் குறைப்பதால் தீர்வதன்று. பொருளாதாரத் தூணிலேயே கழிக்கப்பட வேண்டும். தனித்தனித் தூண்களாக வைத்துக் கூட்டினால், ஏற்றுமதியின் மதிப்பெண் ஆற்றின் இழப்பை ஈடுசெய்துவிடும்.

பொலிவுறு நகரங்கள் இயக்கம் 2025 மார்ச் 31 அன்று நிறைவுற்றது. அதன்வழி 100 நகரங்களில் நிறுவப்பட்ட கட்டுப்பாட்டு மையங்கள் போக்குவரத்து, குப்பை, குடிநீர் பற்றிய தரவுகளைத் திரட்டும் வசதியை விட்டுச்சென்றுள்ளன. அடுத்துவரும் அளவீடுகள் அத்தரவுகளோடு ஆற்றின் கீழ்ப்பகுதித் தரவுகளையும் கூலிப் பதிவுகளையும் இணைத்துக் கணக்கிடுமாயின், ஒரு நகரம் எவ்வளவு ஈட்டுகிறது என்பதோடு அதற்கு யார் விலை கொடுக்கின்றனர் என்பதும் புலப்படும். போட்டித்திறன் என்னும் சொல் அப்போதுதான் நகரின் முழுக் கணக்கைக் குறிப்பதாக அமையும்.